தவளைகளிடம் கோவேறு கழுதைக் கணக்கு போடாதீர்கள்

குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை, அது மலடு. பள்ளியில் படித்த இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு எல்லாக் கலப்பினங்களையும் எடைபோடுவதுதான் முதல் தவறு.

ஐரோப்பாவின் உண்ணும் தவளையைப் பாருங்கள். 1758-இல் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்குத் தனி இனமாகப் பெயர் சூட்டினார். சுமார் 200 ஆண்டுகள் கழித்து, போலந்து விலங்கியலாளர் லெஷெக் பெர்கர் தவளைகளைக் கலந்து வளர்த்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: இது குளத்துத் தவளையும் சதுப்புத் தவளையும் கூடிப் பிறந்த கலப்பினம். மலடும் இல்லை. பல இடங்களில் இது முட்டையோ விந்தோ உண்டாக்கும்போது குளத்துத் தவளையிடமிருந்து வந்த மரபணுத் தொகுதியை முழுசாகக் கழித்துவிடுகிறது. சதுப்புத் தவளையின் தொகுதி மட்டும் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அப்புறம் குளத்துத் தவளையோடு கூடினால் பிறப்பது மறுபடி கலப்பினம். தலைமுறைதோறும் இரவல் வாங்கி, பேரனுக்குக் காட்டாமல் தூக்கிப்போடுகிற குடும்பம்! ஆனால் இரண்டு கலப்பினங்கள் தமக்குள் கூடினால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இரு பக்கமிருந்தும் சதுப்புத் தொகுதியே வருகிறது; சீட்டுக்கட்டுபோலக் கலைத்து அடுக்கப்படாமலே வந்த அந்தத் தொகுதியில் பழுதுகள் சேர்ந்துகிடப்பதே காரணம்.

சரி, கலக்கின்றன என்றால் இரண்டும் ஒரே இனம்தானே, இன்றில்லாவிட்டால் நாளை ஒன்றாகிவிடாதா? இந்த அவசரமும் வேண்டாம். போலந்தின் கிராக்கோவ் அருகே தாழ்நிலத்துச் சிவப்பு வயிற்றுத் தேரையும் மேட்டுநிலத்து மஞ்சள் வயிற்றுத் தேரையும் சந்திக்கின்றன. ஆய்வாளர்கள் ஷிமூராவும் பார்ட்டனும் 1986-இல் அளந்து சொன்ன கலப்பு மண்டலத்தின், அதாவது இரண்டும் கலந்து வாழும் பட்டையின், அகலம் சுமார் 6 கிலோமீட்டர்தான். கலப்புக் கருக்கள் அதிகம் சாகின்றன. இரு பக்கமிருந்தும் புதுத் தேரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் மண்டலம் அழிவதும் இல்லை, அகலமாகப் பரவுவதும் இல்லை. வாழிடமும் வேறு வேறு. சிவப்பு வயிற்றுக்கு நீர் தங்கும் குளம் வேண்டும். மஞ்சள் வயிற்றுக்கு மழைக்குட்டையே போதும், அதன் தலைப்பிரட்டைகள் குட்டை வற்றுமுன் வேகமாக வளர்ந்துவிடும்.

வயிற்றைப் புரட்டி நிறம் பார்த்து, ‘இது கலப்பு, இது அசல்’ என்று தீர்ப்பு சொல்வதையும் விடுங்கள். அந்த மண்டலத்தில் நேரடி முதல் தலைமுறைக் கலப்பு அரிது. பெரும்பாலானவை பல தலைமுறையாகக் கலந்து கலந்து வந்தவை. பெற்றோர் இனத்தை அச்சாக உரித்துவைத்த தேரைக்குள்ளும் அயல் மரபணு இருக்கலாம்.

மரபணுச் சோதனையிலும் ஒரு வழுக்கல் உண்டு. செல்லுக்கு ஆற்றல் தருகிற, உட்கருவுக்கு வெளியே தனி மரபணு வைத்திருக்கிற மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அது தாய் வழியாக மட்டுமே வருவது. மத்திய ஐரோப்பாவில் பார்வைக்கும் உட்கரு மரபணுவிலும் சதுப்புத் தவளையாகவே இருக்கும் பல தவளைகள், குளத்துத் தவளையின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்து திரிகின்றன.