தாராவியில் புதிய குழந்தைநலப் பணியாளரைப் பழக்குவது எப்படி

முதல் வாரமே குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் கெடுக்கள் முதலில் மனதில் பதியட்டும்: மீட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள், அதன் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், குடும்பத்தையும் வீட்டுச் சூழலையும் அறியும் சமூக விசாரணையை 15 நாட்களில் முடிக்க வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது அந்த விசாரணையின் அறிக்கையில்தான். “வீடு அசுத்தம், தாய் அலட்சியம்” என்பது தீர்ப்பு, தகவல் அல்ல. “பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், பானையில் சோறு இருந்தது, தாய் காலை 6 மணிக்கு வேலைக்குப் போய் இரவு 8 மணிக்குத் திரும்புகிறார், அதுவரை பாட்டி பார்த்துக்கொள்கிறார்” என்று எழுதப் பழக்குங்கள். வறுமையைப் புறக்கணிப்பு என்று நினைப்பது புதியவர்களின் தீராத வியாதி.

குழந்தை தமிழில் சொன்னதை அதே சொற்களில் குறித்துவிட்டு, பிறகுதான் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்க வேண்டும். “மாமா” என்றால் தாய்மாமனா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்டே எழுதட்டும். உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அடித்தவரே அவராக இருக்கலாம்.

முதல் ஐந்து வீடுகளில் மூத்தவர் பேச, புதியவர் கவனிக்கட்டும். அடுத்த ஐந்தில் மாறிக்கொள்ளுங்கள். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள்: அடையாளம் வெளியாவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.