வீட்டில் செய்த ஈஎம்பி கருவி: நாம் எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்

போன பள்ளி விடுமுறையில் படிவம் 4 படிக்கும் பையன் ஒருவன் செந்தூலில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தான். கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் முனையில் செம்புக் கம்பிச்சுருள். காணொளி ஒன்றைப் பார்த்துச் செய்தானாம். என் மேசைமேல் கிடந்த கால்குலேட்டரின்மேல் சுருளை வைத்துப் பட்டனை அழுத்தினான். 'டப்' என்று ஒரு பொறி. திரையில் இருந்த எண்கள் மறைந்தன.

"பாருங்க அங்கிள், ஈஎம்பி. இதால காரையே நிப்பாட்டலாமாம்."

ஈஎம்பி என்றால் மின்காந்தத் துடிப்பு, ஒரு கணத்தில் எழுந்து அடங்கும் மின்காந்த வீச்சு. நான் கால்குலேட்டரின் ஆன் பட்டனை அழுத்தினேன். பூஜ்யம் வந்தது. 7-ஐ 8-ஆல் பெருக்கினேன், 56 வந்தது. "தம்பி, இப்ப ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு அழுத்து" என்றேன். பொறி வந்தது, எண்கள் அசையவில்லை. நான்கு விரல் தூரத்திலும் அப்படியே. இரண்டு விரல் தூரத்திலும் அப்படியே. ஒட்டினாற்போல் வைத்தால் மட்டும் மறைந்தன, அதுவும் மூன்று தடவைக்கு ஒரு தடவை.

அவன் யாரையும் ஏமாற்ற வரவில்லை. ஆர்வமுள்ள பிள்ளை. ஆனால் அவன் போட்ட தப்புக் கணக்கைத்தான் வயதில் மூத்தவர்களும் போடுகிறார்கள். பூடு, ஜாலான் பாசாரில் உதிரிப் பாகம் வாங்க வரும் பிள்ளைகளிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தவறு, தடுமாறியதைச் செத்துவிட்டதாக நினைப்பது. பக்கத்தில் பொறி பறக்கும்போது அங்குள்ள காந்தப்புலமும் மின்புலமும் சட்டென்று மாறுகின்றன. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். கால்குலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தடங்களும் கம்பிகள்தான். அவற்றில் ஒரு கணம் தேவையில்லாத மின்னழுத்தம் எழுகிறது, சில்லு குழம்பிப்போய் முதலிலிருந்து தொடங்குகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதுதான் நடக்கும். கைத்தொலைபேசித் திரை தானாக ஓடுவது போலக் காட்டும் காணொளிகளும் இந்த வகைதான். விரலின் மின்தேக்கத்தை உணரும் மேல்படலம் பொறியின் இரைச்சலில் ஏமாந்துபோகிறது. உள்ளே எதுவும் எரியவில்லை. இன்னும் சிலர் டெஸ்லா சுருளைக் காட்டி அதை ஈஎம்பி என்கிறார்கள். நிக்கோலா டெஸ்லா 1891-இல் செய்த அந்தச் சுருள் தொடர்ந்து உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் தருவது. ஒற்றைத் துடிப்பு வேறு, அது வேறு.

இரண்டாவது தவறு ஆற்றலைக் கணக்கிடாமல் விடுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். இப்படிப்பட்ட சிறு பெட்டிகளில் ஆற்றலைச் சேர்த்து வைப்பது ஒரு கெபாசிட்டர். பழைய கேமரா ஃபிளாஷில் இருப்பதைப் போன்ற 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 300 வோல்ட் வரை ஏறியிருந்தால் அதில் இருப்பது 4.5 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் ஆகும் வேலை அவ்வளவுதான். அதிலும் பெரும் பங்கு கம்பியைச் சூடாக்கியும், பொறியின் வெளிச்சமாகவும் சத்தமாகவும் போய்விடும். மிஞ்சுவது சுருளைச் சுற்றிக் காந்தப்புலமாக நின்று அடங்கிவிடும். சுருளின் அளவைத் தாண்டி விலகிப் போனால் அந்தப் புலம் தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு, பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சாணில் கால்குலேட்டர் அசையாததற்குக் காரணம் பையனின் கைத்திறன் குறைவு இல்லை. இயற்கையின் விதி அப்படி.

சரி, காரை நிறுத்துவது? இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது: அணுகுண்டின் கதையை எடுத்துச் சோப்பு டப்பாவுக்குப் பொருத்துவது. 1962 ஜூலை 9-ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், 1.4 மெகாடன் அணுகுண்டை வெடிக்கச் செய்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்பது அந்தச் சோதனையின் பெயர். 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. ஹவாய் முழுவதும் இருண்டுபோனதாகச் சொல்வது மிகை. அந்தத் தெருவிளக்குகள் அங்கிருந்தவற்றில் சிறு பகுதிதான். வெடிப்பின் காமா கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் எலக்ட்ரான்களை உதைத்துத் தள்ள, பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்க, அதிலிருந்துதான் அந்தப் பெருந்துடிப்பு பிறந்தது. மேசைமேல் இருக்கும் எந்தப் பெட்டியிலும் இது நடக்காது.

காரைப் பற்றி நேரடிச் சோதனையே உண்டு. ஈஎம்பி அச்சுறுத்தலை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையில் 37 கார்களைச் சோதித்த விவரம் இருக்கிறது. பெரிய ஆய்வுக்கூடத் துடிப்புக் கருவிக்குக் கீழே நிறுத்திச் சோதித்தார்கள். அணைத்து வைத்திருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்றின் இயந்திரம் நின்றது, அதுவும் மீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் என்ற கடும் புலத்தில். நம் ஜாலான் ஈப்போ நெரிசலில் யாரோ பையிலிருந்து பெட்டியை எடுத்துக் காரை நிறுத்துவதாகக் காட்டினால், அதில் வேறு ஏதோ வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் எவ்வளவு, பொருள் திரும்ப வேலை செய்ததா, காட்சி வெட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி காணொளிகளின் குட்டு உடைந்துவிடும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படின்னா ஒண்ணும் ஆகாது, விளையாடட்டுமே" என்று நினைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு சாண் தள்ளியிருக்கும் பொருளை ஒன்றும் செய்யாத அந்தப் பெட்டி, அதைப் பிடித்திருக்கும் கையைப் பதம் பார்த்துவிடும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. அதன் முனையில் எலி கடித்தது போல ஒரு பள்ளம், சுற்றிலும் நீலம் பாய்ந்த கறை. தொழில் பழகிய காலத்தில், பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆகிவிட்டதே என்ற துணிச்சலில் ஒரு மின்வழங்கிப் பலகையைத் தொட்டேன். கெபாசிட்டரில் மின்சாரம் அப்படியே இருந்தது. முனை இரண்டு கால்களிலும் பட்டதும் உருகிய இரும்புத் துளி கன்னத்தில் தெறித்தது. கண்ணுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. அன்று அங்கே என் விரல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. "வீட்டுல ஈஎல்சிபி இருக்கு அங்கிள், ஷாக் அடிச்சா உடனே விழுந்திடும்" என்றான் பையன். ஈஎல்சிபி, உயிர்க் கம்பியில் போகும் மின்னோட்டமும் நடுநிலைக் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும். வித்தியாசம் இருந்தால் வெட்டும். கெபாசிட்டர் உங்கள் உடம்பின் வழியாக இறங்கும்போது அந்த மின்னோட்டம் வீட்டு வயரிங்கைத் தொடுவதே இல்லை. கெபாசிட்டரின் ஒரு காலில் கிளம்பி, உங்கள் கை வழியாகப் போய், மறு காலில் முடிந்துவிடுகிறது. ஈஎல்சிபிக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரியில் இயங்கும் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த கட்டமாக 'இன்னும் பலமானது' வேண்டும் என்று சிலர் பழைய மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கிறார்கள். பெற்றோர்களிடம் கைகூப்பிச் சொல்கிறேன், அதைத் தடுத்துவிடுங்கள். உள்ளே 2,000 வோல்ட் அளவில் மின்சாரம் தரும் மின்மாற்றி இருக்கிறது. அதே மின்மாற்றியைக் கழற்றி மரப்பலகையில் மின்னல் கோலம் போடப் போய் அமெரிக்காவில் பலர் இறந்திருக்கிறார்கள். அனுபவமுள்ள நாங்களே அந்த அடுப்பைப் பழுதுபார்க்கும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம், மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போகாமல் இருக்க.

பொது இடத்தில் இப்படி ஒன்றை இயக்கிப் பார்ப்பதும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நம் பையனுக்கு அவர்கள் தாமானின் காவல் சாவடித் தடுப்புக் கம்பத்தில் சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தது. பிறர் பொருளை வேண்டுமென்றே கெடுப்பது மலேசியக் குற்றவியல் சட்டத்தில் குற்றம். தொலைத்தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிட்டால் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் பாயும். விளையாட்டாகச் செய்தேன் என்பது அங்கே பதிலாகாது.

மறுபக்கம், ஈஎம்பி பயத்தில் செய்யும் தவறு ஒன்று. கைத்தொலைபேசியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பதும், மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்துப் பூட்டுவதும். மின்காந்த அலையைத் தடுக்கும் உலோக உறையான ஃபாரடே கூண்டு உண்மைதான், ஆனால் இடைவெளி இருந்தால் அலை நுழையும், உள்ளே ஒரு கம்பி போனால் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். அந்த அடுப்பு சமைக்கும் அலையை மட்டும் அடக்கச் செய்யப்பட்டது. அடுப்பைப் போடாமல், தொலைபேசியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி அழைத்துப் பாருங்கள். பல அடுப்புகளில் மணி அடிக்கும்.

நம் ஊரில் உண்மையாகவே சாமான்களைக் கொல்லும் துடிப்பு வானத்திலிருந்து வருகிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி முழங்கும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் என் கடையில் மோடமும் ஆட்டோகேட் போர்டும் குவிந்துவிடும். கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எம்சிபி விழவே இல்லையே, எப்படி எரிஞ்சுது?" எம்சிபி என்ற தானாக விழும் சுவிட்ச் அதிகச் சுமைக்கும் குறுக்குச் சுற்றுக்கும் உரியது. இடி தூண்டும் மின்னழுத்தம் மைக்ரோ நொடிகளில் வந்து போய்விடும். எம்சிபி அசைவதற்குள் மோடம் கருகியிருக்கும். அதற்கென்று வீட்டின் மின்விநியோகப் பெட்டியான டிபியில், திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் எஸ்பிடி பொருத்த வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். மழை கறுத்தால் மின் பிளக்கோடு தொலைபேசிக் கம்பியையும் ஆண்டெனாக் கம்பியையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை மறப்பதால்தான் பாதிப் பொருள்கள் என்னிடம் வருகின்றன.

பையனை அன்று சும்மா அனுப்ப மனம் வரவில்லை. பெட்டியின் கெபாசிட்டரை முறையாக இறக்கிக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரியில் இருந்த பழைய ஏஎம் வானொலியை எடுத்தேன். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி அவன் முன்னால் வைத்தேன். மணி நான்கு, பத்துமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வெளியே மின்னல் வெட்டியதும் வானொலியில் 'கர்ர்' என்றது. "இதுதான் தம்பி நிஜமான மின்காந்தத் துடிப்பு. எண்ணு" என்றேன். ஒன்பது வரை எண்ணியதும் இடி கேட்டது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர், ஆக மூன்று கிலோமீட்டர். மின்னல் ஒன்றில் நூறு கோடி ஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கும். அவ்வளவு பெரியது மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்து இந்தச் சின்ன வானொலியில் செய்தது ஒரு 'கர்ர்' மட்டும்.

அவன் தன் பெட்டியைப் பார்த்தான், வானொலியைப் பார்த்தான். அடுத்த மின்னலுக்கு ஆறு வரைதான் எண்ண முடிந்தது. நான் சொல்வதற்கு முன்பே எழுந்துபோய்க் கடை மோடத்தின் இரண்டு கம்பிகளையும் கழற்றினான்.