வழுக்கையாற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் மருமக்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: "மாமா, யாழ்ப்பாணத்தில ஒரு ஆறு இருக்காமே, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ." ஆவணி வெயிலில் என்னத்தைக் காட்டுவது? காய்ந்த வாய்க்காலில் மாடு மேயும். வழுக்கையாறு மழை ஆறு. கார்த்திகை நடுப்பகுதியில் இருந்து மார்கழி முடியும் வரைதான் அதற்குக் காலம். எங்களுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். ஆகவே நத்தார் விடுமுறைக்கு விமான டிக்கெட் போடுங்கள். இரண்டு மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் நல்ல நாள்.

ஆறு கடலில் சேரும் பக்கமான அராலியில் தொடங்கி மேலே பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வடக்குக் கடற்கரையில் இருக்கிற கீரிமலையில் தொடங்கச் சொல்வேன். இங்கே பெய்யும் மழை இரண்டு வழியால் கடலுக்குப் போகிறது. ஒன்று நிலத்துக்கு அடியால், மற்றது நிலத்துக்கு மேலால். அடியால் போகிற வழியைக் கண்ணால் பார்க்க வசதியான இடம் கீரிமலைக் கேணி. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மழைத்தண்ணீர் அவற்றால் இறங்கி, கரையோரத்தில் ஊற்றாக எழும்புகிறது. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அலை அடிக்கும். இந்தப் பக்கம் நீங்கள் நல்ல தண்ணீரில் குளிக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. ஆடி அமாவாசை அன்று தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வந்து குவிவார்கள், அன்றைக்குச் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு நீண்ட காலம் இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாமல் இருந்தது. இன்றும் வேலி போட்ட இடம் கண்டால் உள்ளே நுழையாதீர்கள்.

அங்கிருந்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைத் தாண்டித் தெல்லிப்பழைக்கு வாருங்கள். சைக்கிள் நல்லது, மோட்டார் சைக்கிளும் பரவாயில்லை. கார் மட்டும் வேண்டாம், ஒழுங்கைகளில் திருப்ப இடம் கிடைக்காது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் "ஆறு எங்கே" என்று கேட்டால் கேட்கிறவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "வெள்ளம் ஓடுற மதகு எங்க?" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். தொடக்கத்தில் அது வெறும் வெள்ள வாய்க்கால். குளத்தில் நிறைந்து, வழிந்து, அடுத்த குளத்துக்குப் போகும். சுமார் 16 கிலோமீற்றர் முழுவதும் கதை இதுதான். ஆகவே ஓட்டத்தைத் தேடி அலையாமல் குளங்களைப் பாருங்கள். குளம் நிறைந்து நிற்கிற நாட்களில் தண்ணீர் மெல்லக் கீழே இறங்கும், சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. குளத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். சுவரில் கோடையில் தண்ணீர் நின்ற கறையும் இப்போது நிற்கிற மட்டமும் தெரியும். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே எவ்வளவு போகும் என்று நீங்களே பாருங்கள். கோடையில் மோட்டாரை விடாமல் ஓட்டுகிறவரின் கிணறு சவராக, அதாவது உப்புத்தண்ணீராகப் போவதன் காரணம் அதுதான். ஆவணியில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குளிக்க இறங்க வேண்டாம்.

கந்தரோடையில் அவசரப்படாமல் நில்லுங்கள். சுண்ணாம்புக்கல்லில் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கே ஆராய்ந்தார்; 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துக் குடியிருப்பின் தடயங்கள் கிடைத்தன. அந்தச் சனம் ஏன் இங்கே வந்து இருந்தார்கள் என்பதற்கு என் ஊகம் சுலபமானது: பக்கத்தில் வெள்ளம், வெள்ளத்துக்குப் பக்கத்தில் நெல்.

எங்கள் சண்டிலிப்பாய் வயல்வெளியில் வரம்பால் நடக்கலாம், காலபோகப் பயிரை, அதாவது மழைக்கால நெல்லை மிதிக்காமல். வட்டுக்கோட்டை தாண்டினால் பனை குறையும், வெளி விரியும். அராலியில் ஆறு கடனீரேரியில் விழுகிறது. உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாமல் அங்கே தடுப்பணை இருக்கிறது. பாலத்தில் நின்று கதவுகளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். புல்லும் மண்ணின் நிறமும் வேறு. "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுது" என்று பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. மேலே குளங்களில் இன்னும் தேக்கலாம்தான். ஆனால் கீழ் வயல்களில் ஏறிய உப்பைக் கழுவிக்கொண்டு போக வெள்ளம் ஓடத்தான் வேண்டும், எல்லாவற்றையும் மறித்தால் அராலி வயல்காரர் பாடு திண்டாட்டம்.

யாழ்ப்பாண நகருக்குத் திரும்புகிறவர்கள் கல்லுண்டாய் வெளியால் போகலாம். அங்கே ஒதுங்க மரம் கிடையாது, வாடைக்காற்று சைக்கிளைத் தள்ளும். மழைக்கோட்டு கட்டாயம், கைப்பேசிக்கு ஒரு பொலித்தீன் பையும்.