அணைத்து வைத்த கேமராவில் பேட்டரி கரைகிறதா?

ஜனவரியில் ஊட்டி. விடிகாலை, புல் மேல் உறைபனி. கேமராவைத் திறந்தால் பேட்டரியில் ஒரே ஒரு கோடு. ஐந்து நாள் முன்பு முழுதாகச் சார்ஜ் போட்டு உள்ளே மாட்டியது, அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கவில்லை. நாலாவது படத்தில் கேமராவே அணைந்துவிட்டது. பேட்டரி செத்துப்போச்சு என்று புதிது வாங்கக் கிளம்பினேன். நல்லவேளை, அன்று கடை மூடியிருந்தது.

படி 1: சார்ஜ் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முழுச் சார்ஜோடு பேட்டரியை மாட்டி, கேமராவை அணைத்து, மூன்று நாள் தொடாமல் வையுங்கள். அப்புறம் மெனுவில் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் நிறுத்திவிட்டு, அதே மாதிரி இன்னொரு மூன்று நாள். இரண்டாவது தடவை மட்டும் சார்ஜ் அப்படியே இருந்தால் திருடன் அகப்பட்டான்.

நான் முதலில் வைஃபையை மட்டும் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன். புளூடூத் வேறொரு பக்கத்தில் இருந்தது. அதற்குள்ளே, 'கேமரா அணைந்திருந்தாலும் போனோடு இணைப்பில் இரு' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. வாங்கிய அன்று போன் செயலியை இணைத்தபோது நானே 'சரி' கொடுத்திருக்கிறேன்! பெயர் கேமராவுக்குக் கேமரா மாறும், தேடுங்கள். சோம்பேறிகளுக்கு ஒரே வழி: வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுவது.

படி 2: குளிர்

ஒழுக்கு பாதி என்றால் மீதி குளிரின் வேலை. லித்தியம் அயான் பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்தடை கூடுகிறது. கேமரா மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்க, காலி என்று நினைத்துக் கேமரா அணைந்துவிடும். சார்ஜ் எங்கும் போய்விடவில்லை. உபரி பேட்டரியைச் சட்டை உள்பையில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். சில்லென்று இருக்கும் பேட்டரியை நேரே சார்ஜரில் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும்.

படி 3: திரை

தானாக அணையும் நேரம் 1 நிமிடம், எடுத்த படத்தைக் காட்டும் நேரம் 2 விநாடி என்று மெனுவில் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் திரையை விட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாகவே பாருங்கள். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் துளைக்குள் இருப்பதும் ஒரு திரைதான், அதனால் பெரிதாக மிச்சமாகாது.

படி 4: சும்மா வைப்பது

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில். நிறுத்திய காருக்குள் கூடவே கூடாது. முழுதும் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு.

உபரி பேட்டரி கேமரா கம்பெனியுடையதாகவே இருக்கட்டும் என்பேன். மலிவானது இரண்டு வாங்கினேன். ஒன்று மீதி எவ்வளவு என்றே காட்டாது, இன்னொன்று வருடத்தில் உப்பிவிட்டது. உப்பியதைக் கேமராவில் திணிக்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். விமானத்தில் உபரியைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், முனைகளை மூடி.

பின்சேர்க்கை: டபுள் ஏ பேட்டரி போடும் பழைய கேமரா வைத்திருக்கும் ஒருவர், ரீசார்ஜபிள் போட்டால் உடனே 'பேட்டரி காலி' என்கிறது என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜபிளான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். முதல் வகையை எதிர்பார்க்கும் கேமரா இரண்டாவதைப் பார்த்ததும் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறது. சில கேமராக்களின் மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு, அதை மாற்றிப் பாருங்கள் என்றேன். மாற்றினாராம், ஓடுகிறதாம். இந்த ரீசார்ஜபிள் வகையில் எனக்கு எனெலூப் பிராண்டுதான். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்த உடனே ஃபிளாஷ் அடிக்கும்.