மெய்ப்புப் பார்ப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: விக்கிமூலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரியில் விக்கிமூலப் பயிற்சி. உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்வரிசை மாணவர் ஒருவர் கையைத் தூக்கி, "சார், நாற்பது பக்கம் முடிச்சிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிடத்தில் நாற்பது பக்கம் முடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியில் போய் மூக்குடைபட்டவன் நான்.

தெரியாதவர்களுக்கு: விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூலின் ஸ்கேன் ஒரு பக்கமும், அதிலிருந்து மென்பொருள் படித்தெடுத்த எழுத்து இன்னொரு பக்கமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒற்றுப்பிழை, விடுபட்ட புள்ளி பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. பத்துப் பக்கம் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும்.

ஒட்டுமொத்தமாக மாற்றுவது

பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் புழங்கவிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல்தான் ஏற்றது. அதற்கு முந்தைய பெரும்பாலான நூல்களில் ணை, லை, ளை, னை நான்கும் இன்றைய வடிவில் இருக்காது. ஐகாரக் குறி யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மென்பொருள் அதை ஏகாரக் கொம்பாகப் படித்துவிடுகிறது. 'பிள்ளை' 'பிள்ளே' ஆகும், 'இல்லை' 'இல்லே' ஆகும், 'அவனை' 'அவனே' ஆகும். பழைய 'றா'வும் இப்படித்தான். 'என்றார்' என்பது 'என்ருர்' என்று வந்து நிற்கும்.

பக்கத்துக்கு இருபது, முப்பது இடத்தில் இதே பிழை. ஒவ்வொன்றாகத் திருத்திக் கை கடுக்கும்போது எவருக்கும் தோன்றுவதுதான் தோன்றும்: தேடு, மாற்று. 'னே' எல்லாம் 'னை', 'லே' எல்லாம் 'லை', 'ளே' எல்லாம் 'ளை'. சொடுக்கினால் முடிந்தது.

நான் இதைச் செய்தது மேடைப் பேச்சுத் தொகுப்பு ஒன்றில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முழுப் புத்தகமும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு மாதம் கழித்து உரையாடல் பக்கத்தில் யாரோ கேட்டிருந்தார்கள்: "இவர் தோழர்களை என்ன செய்யச் சொல்கிறார்?" போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பேச்சும் 'தோழர்களை!' என்று தொடங்குகிறது. 'வானிலே நிலவு' 'வானிலை நிலவு' ஆகியிருக்கிறது. 'தானே வந்தார்' என்பது 'தானை வந்தார்' ஆகி, ஒற்றை ஆள் ஒரு படையாகிவிட்டார்.

இவையாவது படித்தால் சிரிப்பு வரும், கண்டுபிடித்துவிடலாம். என்னை இன்னும் எரிச்சலூட்டுவது வேறு. 'அவர்களே அழைத்தார்கள்', 'அவர்களை அழைத்தார்கள்': இரண்டுமே சரியான தமிழ். யார் அழைத்தது, யாரை அழைத்தது என்பதே தலைகீழாகிவிட்டது. ஆனால் வாசிப்பவருக்கு எந்த உறுத்தலும் இருக்காது. 1998-இல், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். மனிதர் விடும் பிழை எழுத்து விடுபடுவதும் வரி தாவுவதும்தான். பெரும்பாலும் பார்த்ததும் தெரியும். மென்பொருள் விடும் பிழையோ நல்ல தமிழ்ச் சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல் 'தேடு, மாற்று' போட்டால், சரியாக இருந்த சொல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

"பழைய பதிப்புக்கு மீட்டுவிடலாமே?" என்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது, மீட்கலாம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் அதே பக்கங்களில் அடிக்குறிப்பும் பாடல் அமைப்பும் சரிசெய்திருந்தார்கள். மீட்டால் அவர்கள் உழைப்பும் சேர்ந்து போகும். ஆகவே ஸ்கேனை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐகாரமாக, முதலிலிருந்து. ஒரு மத்தியானத்தில் 'மிச்சம்' பிடித்த நேரத்துக்கு வட்டியாக ஒன்றரை மாத இரவுகள் போயின.

மொத்தமாக மாற்றவே கூடாது என்பதில்லை. 'என்ருர்', 'சென்ருன்' போல முழுச்சொல்லாக எடுத்து, அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது என்று உறுதியானால் மாற்றுங்கள். வெறும் 'ரு'வை 'றா' ஆக்கினால் 'ஒரு' எல்லாம் 'ஒறா' ஆகிவிடும். 'இல்லே'யிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிறுகதையில் பாத்திரம் பேசும் இடமாக இருந்தால், ஆசிரியரே 'இல்லே' என்றுதான் எழுதியிருப்பார். ஸ்கேனைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அந்த மாணவரின் நாற்பது பக்கத்தையும் அன்றைக்கே மீட்டுவிட்டோம். வேறு யாரும் அதில் கைவைத்திருக்கவில்லை. அவருக்கு அதிர்ஷ்டம்.

ஆசிரியரைத் திருத்துவது

உ.வே.சா. 'வருஷம்' என்று எழுதினால் அது 'வருஷம்'தான். 'ஆண்டு' ஆக்க நாம் யார்? அச்சுக்கோத்தவர் விட்ட பிழை என்று சந்தேகமில்லாமல் தெரிந்தாலும் உள்ளே கைவைக்காமல் குறிப்பாகப் போடுங்கள். நாளைக்கு ஒருவர் ஒரு சொல் எப்போது வழக்குக்கு வந்தது என்று தேடும்போது, உங்கள் 'திருத்தம்' அவருக்குப் பொய்ச் சாட்சி சொல்லும்.

அவசரப் பச்சை

ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் நிலையைக் காட்ட ஒரு நிறம் உண்டு: ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் மறுபடி பார்த்தால் பச்சை. இரண்டாவது ஆள் எதற்கு என்றால், முதல் ஆளை நம்பாமல் இருப்பதற்கு. மெய்ப்புப் போட்டி நடக்கும் நாட்களில் புள்ளிக்காக மளமளவென்று பச்சையாக்குகிறார்கள். என் 'தோழர்களை!' பக்கங்களில் சில பச்சையாகவே இருந்தன.

புரியாத பக்கத்தை ஊகித்து நிரப்புவது

கிழிசலா, கறையா? சிக்கல் உள்ள பக்கம் என்று நீல நிறம் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பாட்டின் அடி

ஸ்கேனில் எங்கே மடங்குகிறதோ, அங்கே மடக்குங்கள். உரைநடைக்கு இது வேண்டாம்.

"ரொம்பப் பழைய புத்தகம், ஏற்றிவிடலாம்"

இந்தியாவில் நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை இருக்கும், அதுவும் அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். உ.வே.சா. மறைந்தது 1942, அவர் எழுத்துக்கான உரிமை 2002 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பிற்காலப் பதிப்பில் வேறொருவர் எழுதிச் சேர்த்த முன்னுரைக்கு அவருடைய கணக்குத் தனி. நாட்டுடைமை நூல்களிலும் அப்படித்தான்: அரசு வாங்கியது ஆசிரியரின் உரிமையை, அட்டைப்படம் வரைந்த ஓவியருடையதை அல்ல.