வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள் ஈரம் வந்த வழி

குளிர்கால மழையில் ஊர் சுற்றினால், வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டும் மதியத்துக்குள் சாக்ஸ் நனைந்து கால் விறைத்துவிடும். ஷூவில்தான் கசிவு என்று ஸ்ப்ரே அடித்தேன், பலனில்லை. சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றினேன். உள்ளே வியர்வை தேங்கியதுதான் மிச்சம்.

நடந்த சிறிது நேரத்திலேயே ஷூவைக் கழற்றிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. விரல் பக்கம் சாக்ஸ் காய்ந்திருந்தது. கணுக்கால் பட்டையைப் பிழிந்தால் சொட்டியது. அதாவது தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது. ஜீன்ஸ் விளக்குத் திரி போல மழையை உறிஞ்சி சாக்ஸுக்குக் கடத்திவிடுகிறது.

ஜீன்ஸை விட்டுவிட்டு, சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பேன்ட், அதன்மேல் மழை பேன்ட் என்று மாற்றியதும் தொல்லை விட்டது. மழை பேன்டின் விளிம்பு ஷூவின் வாய்க்கு வெளியே 5 செ.மீ.யாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். உள்ளே செருகினால் பழைய கதைதான். சாக்ஸ் கம்பளியாக இருக்கட்டும், லேசாக நனைந்தாலும் சூடு தாங்கும்.

ஏற்கெனவே நனைந்த ஷூவா? இன்சோலை (ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையை) உருவித் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை. ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், பசை இளகி சோல் பிரிந்துவிடும்.