இதய அமிலாய்டோசிஸ்: நோயறிதலிலும் சிகிச்சையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் எழுபது வயதைத் தாண்டிய பெரியவருக்கு மூச்சிரைப்பும் கால் வீக்கமும் கண்டு, எக்கோவில் இதயச் சுவர் தடித்திருப்பது தெரிந்தால், நெடுநாள் இரத்த அழுத்தத்தின் விளைவு என்று அதை அத்துடன் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. இரத்த அழுத்தத்தால் தடித்த இதயத்தில் ஈசிஜி அலைகள் பொதுவாக உயர்ந்திருக்கும்; அமிலாய்டு என்னும் புரதம் படிந்து தடித்த இதயத்திலோ, பல நேரங்களில், அலைகள் தடிப்புக்குப் பொருந்தாமல் தாழ்ந்திருக்கும். எனவே எக்கோவையும் ஈசிஜியையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அலைகள் தாழவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது.

பழைய கோப்புகளைச் சேலத்திலோ வேலூரிலோ விட்டுவருவது குடும்பத்தார் செய்யும் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் கை மரத்துப்போய் இரு மணிக்கட்டிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை இதய மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதத்திலிருந்து உருவாகும் வகை அமிலாய்டு, இதயக் கோளாறு வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணிக்கட்டில் படிவதுண்டு. காலமெல்லாம் ஒத்துக்கொண்ட பி.பி. மாத்திரை இப்போது தலைசுற்றல் தருகிறது என்பதும் அவசியம் சொல்ல வேண்டிய செய்தியே.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, டிரான்ஸ்தைரெட்டின் வகையைக் கண்டறியச் செய்யப்படும் கதிரியக்க ஸ்கேனான டெக்னீசியம் பைரோபாஸ்பேட் ஸ்கேனை மட்டும் நம்பி முடிவு கட்டுவது. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் லைட் செயின் புரதத்தால் வரும் ஏஎல் வகையிலும் அந்த ஸ்கேன் சில வேளை பாசிட்டிவாக வரும். ஏஎல் விரைந்து முற்றும் நோய். அதற்கு இரத்தவியல் மருத்துவர் தரும் டாரட்டுமுமாப், போர்ட்டெசோமிப் போன்ற மருந்துகள் காலம் தாழ்த்தாமல் தேவை. டிரான்ஸ்தைரெட்டின் வகைக்கென 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டஃபாமிடிஸ் ஏஎல் வகைக்கு உதவாது. தவறான மருந்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆகவே இரத்தத்தில் லைட் செயின் அளவைப் பார்க்கும் சீரம் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனையும், பிளாஸ்மா செல்களின் பிறழ்ந்த புரதத்தைத் தேடும் இம்யூனோஃபிக்சேஷன் பரிசோதனையை இரத்தம், சிறுநீர் இரண்டிலும் செய்யாமல் ஸ்கேன் முடிவை ஏற்கவே கூடாது. அவற்றில் பிறழ்வு தெரிந்தால் திசுப் பரிசோதனை வரை செல்ல நேரலாம்.

சிகிச்சையில், வழக்கமான இதயச் செயலிழப்பு மருந்துகளை முழு அளவில் ஏற்றிக்கொண்டே போவது தவறு. இரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்பைக் குறைக்கவும் தரப்படும் வெராபமில், டில்டியாசெம் இரண்டும் பொதுவாகத் தவிர்க்கப்படுபவை.

டிரான்ஸ்தைரெட்டின் வகை என்று உறுதியான பிறகு, வயதானவர்தானே என்று மரபணுப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். முதுமையால் வந்ததா, மரபணு மாற்றத்தால் வந்ததா என்பதை வயது சொல்லாது; மாற்றம் இருந்தால் அது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.